இன்ஜினுக்குச் சிவப்பு

என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். எனக்கு இது கல்யாணமான முதல் வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. ராயபுரத்துக்குத் தெரிந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்தபோது. அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்ததைக் குடித்தனம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம்.

நான் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரக்காரர். என் வீட்டுக்காரருடைய அப்பாவும் எங்கள் குப்பத்துக்காரர்தான், ஆனால் சின்ன வயசிலேயே கடலை விட்டு ரயில்வேக்குப் போய், கரி அள்ளிப் போட்டு, கடைசியில் இன்ஜின் டிரைவராகி, பெரம்பூரில் குடியேறிவிட்டார். மகனும் டிரைவராவான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆகவில்லை. "மார்பு அளவு பத்தலையாம்" என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அகன்ற மார்புள்ள ஆள். எனக்கு அப்போதே அது பொருந்தவில்லை. ஆனால் பெண் கேட்கிற கேள்வியா அது?

ரயில் இல்லையென்றதும் அவர் மோட்டார் பக்கம் வந்துவிட்டார். யுத்த காலத்தில் மிலிட்டரி லாரிகளைப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்ட வேலை. யுத்தம் முடிந்ததும் ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட் பிடித்தார். கூட ஒரு கூட்டாளி. பெரம்பூரில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர், இவரைவிட இளையவர், இவரை 'அண்ணாத்தே' என்றும் என்னை 'அண்ணி' என்றும் கூப்பிடுவார். ஷெட்டுக்குப் பின்பக்கம் ஹார்பர் ரயில் பாதை. கரித்தூளும் மீன் வாடையும் மாறி மாறி வரும். காலையில் துவைத்துப் போட்ட வேட்டி சாயந்திரத்துக்குள் சாம்பல் பூத்துவிடும்.

கல்யாணமான வருஷம் ஒற்றியூர் மாசித் திருவிழாவில் எனக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கி வந்தார். "உன் பச்சைப் பொடவைக்கு எடுத்தேன்" என்று நீட்டினார். செங்கல் நிறத் துணி. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"இன்னாய்யா, கண்ணு அவிஞ்சிப் போச்சா?" என்றேன்.

அவர் முகம் போன போக்கை இப்போதும் சொல்ல முடியும். கோபம் இல்லை. அடி வாங்கின முகம். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கூடை நிறையக் கலர் கலராகக் கம்பளி நூல்கண்டுகளைக் கொட்டி, ஒரு பச்சைக் கண்டை எடுத்து வைத்து, இதே மாதிரி இருப்பதையெல்லாம் பொறுக்கச் சொன்னாராம். இவர் பொறுக்கிக் கொடுத்தார். டாக்டர் சிரித்தாராம். பக்கத்திலிருந்த கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாராம். சிவப்பு விளக்குக்கும் பச்சை விளக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் எவன் ரயிலைக் கொடுப்பான்? இவர் அப்பா அதோடு இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். மார்பு அளவுக் கதையைக் கட்டியதும் அவர்தான்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும்மே" என்றார். "வெளிய தெரிஞ்சா என்னை எவனும் மேஸ்திரின்னு கூப்பிட மாட்டான்."

"நான் ஏன்யா வெளிய சொல்லப் போறேன்?" என்றேன்.

சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கண் நானாகிவிட்டேன். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு ஷெட்டுக்குப் போவேன். காரில் ஏதாவது வயரை இழுத்து வைத்திருப்பார். மேலே சுற்றியிருக்கும் நூல் கலரை வைத்துத்தான் எது எங்கே போகிறது என்று தெரியும். கூட்டாளி அந்தப் பக்கம் போனதும் அவர் ஒரு வயரைத் தொடுவார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே "செவப்பு" என்பேன். அடுத்ததைத் தொடுவார். "பச்ச." அவ்வளவுதான். வேறெந்த விஷயத்திலும் அவர் என்னைக் கேட்டு நடந்தவர் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. புருஷனிடம் ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் வேறு என்ன பெருமை கிடைத்துவிடும்?

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த வண்டி வந்தது.

கொண்டுவந்தவர் ஹார்பரில் லாரி ஓட்டி, லாரி வாங்கி, பிறகு நிறைய லாரிகளுக்கு முதலாளியானவர். அவருடைய அப்பா ஹார்பரில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை கப்பலேறிப் போன பிறகு வண்டி கை மாறிக் கை மாறி, எண்ணூரில் ஓர் உப்புக் கொட்டகையில் சீந்துவாரில்லாமல் கிடந்திருக்கிறது. அப்பா இறந்து சில வருஷம் கழித்து முதலாளி அதைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டார். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினார்கள். கூரைத் துணி இல்லாமல், சக்கரக் கம்பிகள் உப்பில் அரித்து, மீன் முள் மாதிரி நின்றது. முதலாளி அதன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்கப்பா கையி இதுமேலதான் கெடந்துது" என்றார். "நான் கிட்ட வந்தாலே அடிப்பாரு. தொரை வண்டிடா, தொடாதேன்னுவாரு. மேஸ்திரி, இது அன்னிக்கு எப்பிடி இருந்துதோ அப்பிடியே வேணும். ஒரு ஆணிகூட மாறக் கூடாது."

என் வீட்டுக்காரர் அந்த இன்ஜினோடு பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. உப்பு இறுகிப் பிஸ்டன் அசையவில்லை. நாள் கணக்கில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி பார்த்தார். கிடைக்காத சாமான்களைத் தானே அச்சு செய்து வார்த்துப் போட்டார். வீட்டில் சாப்பிடும்போதும் கை சும்மா இருக்காது. சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கை வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வண்டியின் மேல் உடம்பு கறுப்பு என்று முதலாளிக்கே ஞாபகம் இருந்தது. இன்ஜினுக்கு என்ன கலர் என்பதுதான் தெரியவில்லை.

"பானெட்டைத் தூக்கறப்ப என்னை எங்க வுட்டாரு?" என்றார் முதலாளி.

கூட்டாளி, "சில்வர் அடிச்சிடலாம் மொதலாளி. இப்ப எல்லா வண்டிக்கும் அதான். பளபளன்னு கண்ணாடியாட்டம் இருக்கும்" என்றார்.

"எல்லா வண்டிக்கும் அடிக்கிறது எனுக்கு எதுக்குய்யா? அப்ப இன்னா இருந்துதோ அது வேணும்."

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். முதலாளி முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. "சொரண்டிப் பாத்தா தெரிஞ்சிடும் மொதலாளி" என்றார். "எங்கனாச்சும் ஒரு மூலையில பழைய பெயிண்ட் ஒட்டிக்கினு இருக்கும். கண்டுபிடிச்சி அதே கலர்ல பூசறது என் பொறுப்பு."

அந்த வாக்கைக் கொடுத்த நாக்குதான் அவரை அழித்தது.

சுரண்டுகிற வேலையை அவர் கூட்டாளி இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார். கூட்டாளி தங்கச்சி கல்யாணத்துக்காகப் பொன்னேரிப் பக்கம் போயிருந்தார். அன்று மத்தியானம் நான் போனபோது ஷெட்டின் முன் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார். இன்ஜின் பிளாக்கைத் தனியாகக் கழற்றிக் கட்டைமேல் ஏற்றி வைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருந்தது. இரும்பு இரும்பாகவே தெரிந்தது. வருஷக் கணக்கான சூட்டிலும் உப்பிலும் பெயிண்டெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. டைனமோ உட்காருகிற இடத்துக்குப் பின்னால் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருமே. இன்னா கலரு?"

குனிந்து பார்த்தேன். "செவப்பு. காவி மாதிரி செவப்பு."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

"வேற எதுனாச்சும் தெரியுதா?"

"ஓரத்துல கருப்பா கீது. அழுக்கு போல."

அவரும் குனிந்து பார்த்தார். எதைப் பார்த்தாரோ. கையிலிருந்த கத்தியால் அந்தக் கறுப்பை மெதுவாகச் சுரண்டி எடுத்தார். பொடிப் பொடியாக உதிர்ந்தது. வாயால் ஊதினார். கீழே சிவப்பு சுத்தமாகத் தெரிந்தது. "ஆமாய்யா, முழுக்கச் செவப்புதான்" என்றேன். அதிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். நேர்ந்துகொண்ட காசை முடிகிற மாதிரி அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பெயிண்ட் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவே அதிசயம். அவரோடு நான் வெளியே போனதெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். கடை, பீச் ரோட்டைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் தகர டப்பாக்களைத் திறந்து, குச்சியால் தொட்டு, ஓர் அட்டையில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வைத்தார். குங்குமச் சிவப்பு, ரத்தச் சிவப்பு, செம்மண், மாதுளை. நான் காகிதத்தைப் பிரித்துச் சில்லை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். அவர் பார்க்கிற மாதிரி பக்கத்தில் குனிந்து நின்றார். சரியானதைக் கண்டதும் அந்த டப்பாவின்மேல் சும்மா கை வைக்கிற மாதிரி வைத்தேன். வழியிலேயே அப்படிப் பேசி வைத்திருந்தோம்.

"இதே குடுங்க" என்றார் அவர்.

கடைக்காரர் அட்டையையும் சில்லையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். "அச்சு அசலா எடுத்துட்டீங்களே. மேஸ்திரிக்கு நல்ல கண்ணு" என்றார். பிறகு, "ஆனா இந்தக் கலரை ஹார்பர்காரங்கதான் வாங்குவாங்க. இரும்புக்கு அடியில பூசறதுக்கு. நீங்க எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

"கார் இன்ஜினுக்கு."

"இன்ஜினுக்கா?"

"ஆமா. எனுக்குத் தெரியாதா? கட்டுங்க" என்றார் இவர். குரலில் ஒரு விறைப்பு. எனக்கு அப்போது அது காதில் விழுந்தது, மனசில் படவில்லை.

திரும்பும்போது ஒரு காபி கிளப்பில் இட்லி வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கடற்கரைப் பக்கம் திரும்பினார். காசிமேட்டில் படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்தன. டப்பாவை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். "தண்ணி இன்னிக்கி இன்னா கலருமே?" என்று கேட்டார். எங்கள் அப்பா தண்ணீர் நிறத்தைப் பார்த்துத்தான் வலை போடுவார். எனக்கும் அது பழக்கம். கரையோரம் கலங்கல், அதற்கப்பால் பாசி, இன்னும் தூரத்தில் நீலம் என்று விரலால் காட்டிச் சொன்னேன். "அத்தினி இருக்குதா" என்றார். அந்த ஒரு சாயந்திரத்தை நினைத்துத்தான் பின்னால் எத்தனையோ வருஷத்தைத் தள்ளினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சாயந்திரமும் கசந்துதான் போயிற்று.

இன்ஜினுக்கு அவரே பிரஷ் பிடித்துப் பூசினார். கல்யாணத்துக்குப் போயிருந்த கூட்டாளி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, கசாப்புக் கடையாட்டம் கீது?" என்றார்.

"சொரண்டிப் பாத்தேன். இதான் இருந்துது" என்றார் இவர்.

"நீ பாத்தா சரிதான்" என்று அவரும் விட்டுவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

வண்டி தயாரான காலையில் ஷெட் வாசலில் கோலம் போட்டது நான்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பானெட்டுக்கு மாலை, சந்தனம், குங்குமம். பக்கத்து ஷெட்டுக்காரர்கள், லாரி டிரைவர்கள், மீன்காரிகள் என்று ரோட்டை அடைத்துக் கூட்டம். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தனை நாள் செத்துக் கிடந்தது இதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடியது. முதலாளி ஒரு ஜட்காவில் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா மகளோடு செங்குன்றத்தில் இருந்தார். வண்டி தயாராகும்வரை அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பொம்பளைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்?

அந்த அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிரைவர் சீட்டைத் தடவினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மகனைப் பார்த்து, "பானெட்டைத் தொறடா" என்றார். "உங்கப்பாரு எனுக்கு ஒரு தபா தொறந்து காட்டினாரு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. தொரை ஊட்டிக்குப் போயிருந்தாரு."

முதலாளியே மாலையை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கினார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது யாரு பூசனது?"

"மேஸ்திரிதாம்மா. அப்ப எப்பிடி இருந்துதோ அப்பிடி."

"இல்லடா. அப்ப பச்சையா இருந்துது. நான் என் கண்ணால பாத்தேனே. நல்லா மருதாணி எலையாட்டம் பச்ச. இதுக்குள்ள கூடவாய்யா கலரு அடிப்பாங்கன்னு உங்கப்பாருகிட்ட கேட்டேன். வெள்ளைக்காரன் அடிப்பான்னு சொல்லிச் சிரிச்சாரு."

முதலாளி இவரைப் பார்த்தார். "மேஸ்திரி, சொரண்டிப் பாத்தேன்னு சொன்னியே?"

"பாத்தேன் மொதலாளி. செவப்புதான் இருந்துது. அம்மாவுக்கு வயசாயிடுச்சி, மறந்திருப்பாங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முதலாளி முகம் கறுத்துவிட்டது. கூட்டாளி அவசரமாக உள்ளே போய், கழித்துப்போட்ட சாமான்கள் இருந்த பெட்டியைக் கிளறினார். விரிசல் விட்டதென்று மாற்றிய ஒரு பழைய இரும்புத் தாங்கியை எடுத்துவந்தார். பிளாக்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அதன் பின்பக்கத்தைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தார். பச்சை. மேலே பச்சை, அது பெயர்ந்த இடத்தில் கீழே சிவப்பு. அவர் நல்ல எண்ணத்தில்தான் எடுத்து வந்தார். ஏதாவது விளக்கம் சொல்லி முதலாளியைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்திருப்பார்.

"அண்ணாத்தே, இத்தப் பாரு. செவப்பு அடிக்கோட்டு. மேல பச்ச கீதே. நீ பாக்கலியா?"

இவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார். மறுபடி கையிலிருப்பதைப் பார்த்தார். பார்க்கிறவர் எல்லாருக்கும் தெரிந்தது, அவர் எதையோ தேடுகிறார், கிடைக்கவில்லை என்று. அத்தனை பேர் நடுவில், நல்ல வெயில் வெளிச்சத்தில்.

"எங்க பச்ச?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டார்.

கூட்டாளியின் வாய் திறந்தது. எத்தனையோ வருஷத்து விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து அவருக்குப் புரிவது முகத்திலேயே தெரிந்தது. "அண்ணாத்தே, உனுக்குக் கலரு தெரியாதா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் உரக்கக் கேட்டுவிட்டார்.

இவர் திரும்பி, கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைக் கை நீட்டிக் காட்டினார்.

"அவதான் சொன்னா. செவப்புன்னு அவதான் சொன்னா."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். ஒரு மாதிரி வேதனையான சிரிப்பு. "எங்கப்பன் வண்டிய ஒரு குருடன் கையில குடுத்திருக்கேன். அவன் பொண்டாட்டி கலரு பாத்து சொல்லிக்கீறா" என்றார். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வுடுடா, வண்டி நல்லா ஓடுதே" என்று மகன் கையைப் பிடித்தார். யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேணும்னுதானே சொன்னே?"

"நான் ஏன்யா வேணும்னு சொல்வேன்? கண்ணுல தெரிஞ்சதைச் சொன்னேன்."

"இத்தினி வருசமா மனசுல வெச்சிக்கினு இருந்தே. என்னை நாலு பேரு முன்னாடி நிக்க வெக்கணும்னு."

சத்தியம் செய்தேன். அழுதேன். சமைக்காமல் படுத்துக்கிடந்தேன். எதுவும் அவர்மேல் படவில்லை. அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

இன்ஜினை மறுபடி பச்சையாக்கியது கூட்டாளி. கலரைத் தேர்ந்தெடுத்ததும் அவரே. அந்த வேலை நடந்த நாட்களில் இவர் ஷெட்டுக்கு வெளியே ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் கதை கல்மண்டபத்திலிருந்து வண்ணாரப்பேட்டைவரை போய்விட்டது. லாரி டிரைவர்கள் வேலைக்கு வண்டியை விட்டுவிட்டு, கொடியில் காய்கிற துணியைக் காட்டி, "மேஸ்திரி, இது இன்னா கலரு சொல்லு பாப்போம்" என்பார்கள். ஒருவன் வாழைப்பழத்தைக் காட்டுவான், ஒருவன் மிளகாயைக் காட்டுவான். முதலில் முறைத்தார். பிறகு கேட்காத மாதிரி இருந்தார். பிறகு ஷெட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். கூட்டாளி வீடு தேடி வந்து, "வா அண்ணாத்தே, இன்ஜின் வேலைக்கு உன்னை வுட்டா ஆளு ஏது?" என்று கெஞ்சினார். இவர் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஜனங்கள் கூட்டாளியை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பெல்ட் மாட்டுகிற வேலைக்குப் போனார். அங்கே எல்லாம் ஒரே கிரீஸ் நிறம்.

அடிக்கோட்டு என்று அன்று கூட்டாளி சொன்னது என் காதில் விழுந்ததே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஏறவில்லை. அன்று எதுவும் ஏறுகிற நிலையில் நான் இல்லை. வெகு நாள் கழித்து ஹார்பர் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிரேனுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி கிரேன் காவிச் சிவப்பு. மீதிப் பாதியில் அந்தச் சிவப்பின் மேலேயே சாம்பல் நிறத்தைப் பூசிக்கொண்டு வந்தார்கள். இரும்புக்கு முதலில் சிவப்பு, துரு பிடிக்காமலிருக்க. அப்புறம்தான் வேண்டிய கலர். நான் அங்கேயே நின்றுவிட்டேன். டைனமோவுக்குப் பின்னால் ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்தது எண்ணெய் ஊறிய பச்சை. அதைத்தான் அவர் என் கண்ணெதிரே கத்தியால் சுரண்டி ஊதித் தள்ளினார்.

வேலை முடிந்து அவர் வருகிறவரை வாசலிலேயே நின்றேன். அவர் வந்து கால் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பலேந்து?"

"அந்தக் கெழவி பச்சன்னு சொன்னப்பவே."

அன்றைய வெயிலும் கூட்டமும் சிரிப்பும் என் தலைக்குள் சுற்றின. "அப்ப நான் வேணும்னு சொல்லலேன்னு உனுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே இத்தினி நாளா என்னோட பேசாம இருந்தியா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பாத்தது நீதானே" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் தப்பாகச் சொன்னது அவருக்குப் பெரிதில்லை. என்னால் பார்க்க முடிந்ததுதான் பெரிது. முன்பு அது ரகசியமாக இருந்தவரை பொறுத்துக்கொண்டார். பெண்டாட்டி கண்ணால் பிழைத்தவன் என்று ஊர் சொன்ன பிறகு, அந்தக் கண்ணை எதிரில் வைத்துக்கொண்டு சோறு தின்ன அவரால் முடியவில்லை. என் ரத்தம் கொதித்தது. நான் என்ன கேட்டேன் இவரை? கண் கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கலரையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. மார்க்கெட்டில் தக்காளி பழுத்ததா என்று விற்கிறவளையே கேட்பார். எங்கள் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்கப் போனால் கடைக்காரன் சொன்னதை எடுத்து வருவார். அவன் நீலம் என்பான்; வந்தால் வாடாமல்லியாக இருக்கும். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்ற வீம்பு எனக்கும் வந்துவிட்டது. அவர் எடுத்து வந்ததைத் தைத்து மகளுக்குப் போட்டேன்.

சில வருஷம் போனது. ஒருநாள் ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்தலுக்குப் போய்விட்டுத் திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால், கல்யாண மாலை சுற்றிக்கொண்டு, கறுப்பு மினுமினுக்க அந்த வண்டி நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்ஸ் வண்டி வந்தது, போனது. அதன் சத்தம் அடங்கியதும் இந்த இன்ஜினின் சத்தம் மறுபடி தனியாகக் கேட்டது. அன்று ஷெட் வாசலில் கேட்ட அதே சீரான சத்தம். அவர் முகம் இளகியது. ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன், கை தொடுகிற தூரத்தில்.

அவர் அந்தப் பக்கம் திரும்பி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற முன்பின் தெரியாத ஒரு ஆளிடம், "இந்த இன்ஜினை நான்தான் செஞ்சேன்" என்றார். "கேளு, ஒரு தட்டற சத்தம் வருதா?"

அந்த ஆள் "அப்படியா" என்றான். கேட் திறந்தது. வண்டி போய்விட்டது. நாங்களும் நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால்.